ஜன்னல் பக்கத்துத் தலையணை

மருத்துவமனை வாசலில் டோக்கன் கொடுப்பவளை எல்லோரும் ‘டோக்கன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வரிசையில் வந்து நிற்கும் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிறவர்களா, பேச்சை நிறுத்திவிட்டவர்களா என்பதைச் சீட்டு கிழிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவாள். தன் வீட்டு விஷயத்தில் மட்டும் பதினோரு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதினோரு வருஷத்தின் முதல் கோடையில், “உள்ள வெந்து சாகுறேன்” என்று கணவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். மழைக்காலம் வந்தது. பாய் திரும்பவில்லை. கேட்டால், “இந்தத் தகரக் கூரைக்குக் கீழ எவன் படுப்பான்? சொந்த வீடு கட்டி ஏ.சி. போடு, வர்றேன்” என்பார். அந்த ஒரு பேச்சை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வீடு எழும்பியது. சமையலறை அலமாரிக்குக் கதவு வேண்டாம், வாசலுக்கு வழவழப்புக் கல் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தவள், படுக்கையறை ஏ.சி.க்கு மட்டும் ஒற்றைக் காலில் நின்றாள்.

பூச்சு வேலைக்கு முந்தின நாள் ஏ.சி. மெக்கானிக் வந்தார். குழாய்களை அன்றைக்கே சுவருக்குள் புதைத்தாக வேண்டும். கொத்தனார் பூசிவிட்டால் அப்புறம் உடைக்கத்தான் வேண்டும். தரையில் அவள் சாக்பீஸால் கட்டிலை வரைந்து வைத்திருந்தாள். இரண்டு தலையணைகளையும்கூட.

“அடேயப்பா, இன்ஜினியர் தோத்தாரு போங்கக்கா! ஏ.சி. எங்க வரணும்?”

“கால்மாட்டுச் சுவர்ல, என் பக்கமாத் தள்ளி. அவர் ஜன்னல் பக்கம் படுப்பாரு. நேராக் காத்து பட்டா விடிய விடியத் தும்முவாரு. என் மேல அடிச்சாப் பரவால்ல.”

“குடுத்து வச்ச மனுஷன்” என்று சிரித்தபடி மெக்கானிக் டேப்பை இழுத்தார். “மேல் மாடி, மேற்கு வெயில் வேற. எத்தன பேரு படுப்பீங்க?”

“ரெண்டு பேரு.”

வாசற்படியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் நிமிரவில்லை. “ஒருத்தர்னு போட்டுக்கப்பா. அப்படியே கூடத்துக்கும் ஒரு குழாய் விட்டுடு.”

அவள் வாசற்படிப் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, ஏ.சி. போட்டா வர்றேன்னீங்களே?”

“சொன்னேன்தான். தனியாப் படுத்தே பழகிடுச்சு. இந்த வயசுல என்ன இப்ப?”

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

மெக்கானிக் டேப்பைச் சுருட்டினார், மறுபடி இழுத்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: “அக்கா, அப்ப ஏ.சி.யை ஜன்னல் பக்கமா மாத்திடவா? காத்து காலியா இருக்கற பக்கம் விழும். உங்களுக்குக் குளிராது.”

அவள் தரையில் இருந்த கோடுகளைப் பார்த்தாள்.

“வேணாம்பா. வரைஞ்சபடியே போடு.”

மறுநாள் சுவர் பூசி முடிந்தது. சிந்திய கலவையில் சாக்பீஸ் கட்டில் மறைந்துபோனது.

குடிவந்து இரண்டு வருஷமாகிறது. காற்று இன்றும் அவள் மேல்தான் விழுகிறது. நகர்ந்து படுக்க ஜன்னல் பக்கம் தாராளமாக இடம் உண்டு. அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, தன் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள்.