வீடியோ அண்ணை தெரிந்தெடுத்த பைபொட்

லண்டன் மோர்டனில் இருக்கும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ரைபிள் கிளப்பில் சுடப் பழகுகிறேன். குப்புறப் படுத்துச் சுடும்போது துவக்கின் முன்பக்கத்தைத் தாங்கும் இரண்டு கால்களைத்தான் பைபொட் என்பார்கள். நல்ல பைபொட் எனக்குக் கட்டுப்படியாகாது. இன்ரநெற்றில் மலிவானவை குவிந்து கிடந்தன. எதை வாங்குவதென்று தெரியவில்லை.

இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஸ்டாண்டோ வயரோ எதுவென்றாலும் கல்யாண வீடியோ எடுப்பவரைத்தான் கேட்போம். நானும் எங்கள் வீடியோ அண்ணையைக் கேட்டேன்.

"இதை எடும் தம்பி," என்று அவர் ஒரு படத்தைக் காட்டினார். "பாரமில்லை, தலை நல்லாச் சுழலும்."

வாங்கினேன். முதல் நாளே, விசையை அழுத்தும் நேரம் பார்த்து, துவக்கைப் பூட்டியிருந்த அந்தத் தலை சரிந்தது. குண்டு பக்கத்து இலக்கின் மரச்சட்டத்தைப் பிளந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் பொறுப்பாளர் எல்லோரையும் நிறுத்திவிட்டு என்னை வெளியே அனுப்பினார்.

வீடியோ அண்ணையிடம் போய்ச் சொன்னேன்.

"கமராவுக்கு அப்பிடித்தானே வேணும்?" என்றார் ஆறுதலாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது கிளப்பில் சுடுபவர்களைக் கேட்டுத்தான் வாங்குகிறேன். குண்டு போடுமுன் வெறும் துவக்கை அதில் பூட்டி, தோளால் தள்ளி, இரண்டு பக்கமும் முறுக்கிப் பார்க்கிறேன். தலையை இறுக்கிப் பூட்ட வழியில்லாததை எவ்வளவு மலிவென்றாலும் தொடுவதில்லை.

பழையதை அண்ணை கேட்டு வாங்கிப் போனார். போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். அதன் தலையைக் கழற்றித் தன் கமரா ஸ்டாண்டில் பூட்டியிருந்தார்.

"நல்ல சாமான் தம்பி," என்றார். "சும்மா எறியப் பாத்தீர்."