உசிலமரத்தடியில் துடைப்பம்

காட்டுக்குக் காவல் இருக்கும் வேலையில், வெட்ட வருகிறவர்களைவிடச் சுத்தம் செய்ய வருகிறவர்களுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கை சும்மா இருக்காது

பனியன் கம்பெனியில் நான் செக்கிங் வேலையில் இருந்தேன். ஒரு நூல் பிசிறு கண்ணில் பட்டால் வெட்டாமல் விடமாட்டேன். பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின், எங்கள் ஊர் கன்னிமார் கோயில் காட்டுக்கு என்னைக் காவல் வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அரிவாள் படாத காடு. தினமும் விடிந்ததும் பெரிய உசிலமரத்தடியைப் பெருக்கிவிடுவேன். தலைகாட்டும் பச்சையையும் களை என்று கிள்ளிவிடுவேன். வாசல் பெருக்கியே பழகிய கைகளுக்கு இது புரியும்.

மரக்கணக்கு எடுக்க வந்த கல்லூரிப் பெண் அங்கே குனிந்து குனிந்து தேடினாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "ஏனுங்கம்மா, இத்தன பெரிய மரத்துக்கு ஒரு குஞ்சுச் செடிகூட இல்லீங்களே! இது பட்டுப்போனா அப்பறம் இங்க என்னங்க நிக்கும்?" நான் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அடை

சருகுக்கடியில்தான் ஈரம் நிற்கும், விதை முளைக்கும் என்று அவள் சொன்னாள். துடைப்பத்தைத் தூக்கிப் போட்டேன். ஆனால் உட்கார முடிந்தால்தானே? எழுந்து நடப்பேன், கன்னிமாரைக் கும்பிடுவேன், மறுபடி மரத்தடிக்கே போய் நிற்பேன். மழைக்குப் பிறகு, இறகு மாதிரி இலையோடு ஒரு உசிலஞ்செடி முளைத்து வந்தது. ஒன்றே ஒன்று.

நான் அதன் பக்கத்தில் குந்தியிருந்தபோது கோயில் கமிட்டித் தலைவர் விளக்குப் போட வந்தார். "ஏனுங்கக்கா, காட்டுக்குக் காவலுக்கு ஆள் போட்டா நீங்க குப்பைக்கு அடை காக்கறீங்களா?"

பேர் வைக்காத சாமி

பொங்கல் வைக்கும் நாள் நெருங்கியது. அன்னதானக் கொட்டகைக்கு மண்ணை மட்டப்படுத்த ஜேசிபி நேராக உசிலமரத்தடிக்கு வந்தது. கெஞ்சினேன். "செடிதானுங்களே!" என்று சொல்லிவிட்டு, தலைவர் டிரைவரோடு டீ குடிக்கப் போனார். மூன்று கல்லைப் பொறுக்கிச் செடியைச் சுற்றி நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

திரும்பி வந்த டிரைவர் கல்லைப் பார்த்ததும் வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டார்.

"இதெந்தச் சாமிங்கக்கா, புதுசா?" என்றார் தலைவர்.

"பொறந்து ஒரு மாசந்தானுங்க ஆச்சு. இன்னும் பேர் வெக்கலீங்க."

என் முகத்தையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். "சரி, கொட்டகைய ரோட்டோரமாப் போட்டுக்கலாம். பேர் வெக்கறப்ப எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

இந்தப் பொய்ச்சாமிக்காகக் கன்னிமாரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. ஆனால் இப்போது அந்த மூன்று கல்லைக் கும்பிட வருகிற பெண்களெல்லாம், புண்ணியம் என்று செடியைச் சுற்றிச் சுத்தமாகப் பெருக்கிவிட்டுப் போகிறார்கள்.