நீலாவதியின் சக்களத்தி

அந்தமானில், ஜங்லிகாட் பகுதியில் நீலாவதியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய சக்களத்தியைத் தெரியாதவர்கள் கிடையாது. போர்ட் பிளேருக்கும் கேம்பல் பே துறைமுகத்துக்குமாக ஓடும் கப்பல்தான் அந்த மகராசி. கணவன் முருகானந்தத்துக்கு அதன் எஞ்சின் அறையில் வேலை.

அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் கேப்டன் வாயிலிருந்து பொறுக்கியது. மேசை, நாற்காலி, மலை, மழை எல்லாவற்றையும் 'இட்' என்று தள்ளிவிடும் கேப்டன், கப்பலை மட்டும் 'ஷி' என்பார். இந்தியில் கப்பல் ஆண்பிள்ளை. தமிழில் வெறும் அது. முருகானந்தம் இங்கிலீஷ்காரன் பக்கம் சாய்ந்துவிட்டான்.

"அவளுக்கு இன்னிக்கு முடியல நீலா, ஒரே இருமல்" என்பான் வீட்டுக்கு வந்ததும். நீலாவதிக்குப் பற்றிக்கொண்டு வரும். வராதா பின்னே? மகள் நளினி பிறந்தபோதுகூட அவன் 'அவளோடு'தான் நடுக்கடலில் இருந்தான்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நளினி, "இப்பல்லாம் கப்பலையும் 'இட்'னே எழுதலாமாம்மா, மிஸ் சொன்னாங்க" என்றாள்.

நீலாவதி கணவன் பக்கம் திரும்பினாள், வாயெல்லாம் பல். "கேட்டீங்களா? உங்க ஆள இங்கிலீஷ்காரனே கைகழுவிட்டான்!"

"மிஸ்ஸுக்கென்ன, கரையில இருக்காங்க" என்றான் அவன்.

ஆயுத பூஜைக்கு எஞ்சினுக்குப் பொட்டு வைத்துப் பூப் போடுவார்கள். அந்த ஊரில் பூ விமானத்தில் வர வேண்டும். விலை கேட்டாலே தலை சுற்றும். நீலாவதி பழைய பெயின்ட் டப்பாக்களில் மல்லிகை வளர்த்தாள். வருஷா வருஷம் அவன் ஒரு முழம் கேட்பான், அவள் மறுப்பாள். இந்த வருஷமும் கேட்டான்.

"சக்களத்திக்கு நான் பூக் கட்டணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கேம்பல் பேயிலிருந்து திரும்பும் வழியில் புயல் பிடித்துக்கொண்டது. வர வேண்டிய காலையில் கப்பல் வரவில்லை. நீலாவதி கப்பல்துறை ஜெட்டிக்கு ஓடினாள்.

"வெதர் கராப்மா, கடல் ரொம்ப மோசம். எஞ்சின் ஒண்ணு பந்த் ஆகி நின்னுருச்சாம். அதுக்கப்புறம் வயர்லெஸ்ல பேச்சே இல்ல" என்றார் அங்கிருந்த சிப்பந்தி கிருஷ்ணமூர்த்தி.

ஒரு முழம் பூவுக்குச் சண்டை போட்டு அனுப்பினோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. சாம்பலாய்க் கிடந்த கடலைப் பார்த்து, கண்ணில் படாத கப்பலிடம், "ஏண்டி, அவரக் கொண்டாந்து விட்டுருடி. இனிமே உன்ன ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்" என்று அழுதாள்.

மறுநாள் மத்தியானம், ஒற்றை எஞ்சினில் முக்கி முனகிக் கப்பல் வந்து சேர்ந்தது. முகமெல்லாம் கரியோடு முருகானந்தம் இறங்கினான். நீலாவதி அவன் கையை இறுகப் பிடித்தாள். பிறகு வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே தொடுத்த மல்லிகை.

"பூஜ முடிஞ்சு போச்சே நீலா."

"முடிஞ்சா என்ன? வெறுந்தலையோட நிக்கிறா பாருங்க. வச்சுட்டு வாங்க."