யாரும் பயன்படுத்தாத வரிகள்

தக்கலையில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடையில் என்னுடன் ஓர் அக்கா இருந்தாள். ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு அவளுக்கு இடது கை மட்டும்தான் ஓடும். ஆனாலும் கல்யாண அழைப்பிதழை அவ்வளவு வேகமாக அடிக்க அந்தத் தெருவில் வேறு ஆளில்லை. 2010 வாக்கில் அவள் கணினியில் நான் போட்டுக்கொடுத்த, யாரும் திறந்து திருத்தக்கூடிய இலவச நிரல் ஒன்று அதற்குத் துணை. திறந்திருக்கும் ஜன்னல்களைத் திரையில் அதுவே அடுக்கிவிடும், மவுஸ் வேண்டாம். இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்க வேண்டிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கினாலும் கேட்கும்.

ஒரே ஒரு தொல்லை. ஜன்னலின் தலைப்பு நீளமான தமிழாக இருந்தால், அதை எழுத்தின் நடுவிலேயே நறுக்கிவிட்டு நிரலும் படுத்துவிடும். சேமிக்காத வேலை எல்லாம் போச்சு. நானே ஒருமுறை உள்ளே கைவைத்துப் பார்த்தேன். மறுநாள் அது வேறு விதமாகப் படுத்து ஒரு நினைவு மலரையே விழுங்கியது.

கடை முதலாளி அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "எலே, உன் கைவேலை ஒண்ணும் இனி வேண்டாம் கேட்டியா. அத உண்டாக்குனவனே சரியாக்கி அடுத்த பதிப்புல விட்டா வச்சுக்கிடலாம். இல்லேன்னா எல்லாரையும் போல மவுஸ் வச்ச சிஸ்டந்தான்."

மவுஸுக்கும் விசைக்கும் ஒரே கை ஓடினால் வேகம் போய்விடும், அக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளும் அங்கேதான் இருந்தாள்.

நிரலைப் பராமரித்தவர் எங்கோ வெளிநாட்டில் இருந்தார். திருத்தம் அனுப்புவோருக்கு அவர் விதிகள் வைத்திருந்தார். வரியின் தொடக்கத்தில் டேப்தான் இருக்கணும், ஸ்பேஸ் கூடாது. வரி நீளக் கூடாது. விளக்கக் குறிப்பே கூடாது, நிரல் தன்னைத்தானே விளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிரல் பெரிதாகவே கூடாது. புதிதாக வரி சேர்ப்பவன் அதே அளவு எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும்.

என் முதல் திருத்தம் ஸ்பேஸ் இருந்ததால் திரும்பி வந்தது. அடுத்தது வரி நீளம் என்று வந்தது. வீடு பற்றி எரியும்போது வாசல் கோலம் கோணல் என்கிறானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்றாவது பதில் புதிய பதிப்பு வெளியாகும் நாளில் வந்தது: "சரியாக இருக்கிறது. ஆனால் நிரல் பெரிதாகிறது. விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கும் வசதியை எடுத்துவிட்டு அனுப்பு. அதை யாரும் பயன்படுத்துவதில்லை. மாலையில் பதிப்பைப் பூட்டிவிடுவேன்."

"என்ன சொல்லுகான் மக்கா?" என்றாள் அக்கா. சொன்னேன்.

"அப்போ திருத்தம், விசை ரெண்டும் எனக்கு உள்ளதுதானா?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது, யு.பி.எஸ். கூவத் தொடங்கியது. எந்த வரியை எடுப்பது என்று மேலும் கீழும் தேடினேன். எதைத் தொட்டாலும் வேறெங்கோ உடைந்தது. கடைசியில்தான், இந்தத் தலைப்பை எதற்கு நறுக்க வேண்டும் என்று தோன்றியது. ஜன்னலின் விளிம்பு வந்தால் எழுத்து தானாகவே மறைந்துவிடுமே! சரியாக நறுக்க நான் எழுதியதையெல்லாம் அழித்தேன். அவர் நறுக்கியிருந்ததையும் அழித்தேன். இருப்பதிலேயே நீளமான தலைப்புள்ள கோப்பை அக்கா திறந்தாள். நிரல் படுக்கவில்லை.

டேப்களை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, கடிதத்தின் அடியில் இதையும் சேர்த்தேன்: "அந்த விசை வசதியை ஒருவர் பயன்படுத்துகிறார். தக்கலையில்." அனுப்பு பொத்தானை அமுக்கினேன், திரை அணைந்தது. போயிற்றா இல்லையா என்று தெரியாமலே வீட்டுக்குப் போனோம்.

காலையில் புதிய பதிப்பு வந்திருந்தது. எங்கள் திருத்தம் உள்ளே இருந்தது. நிரல் முன்பைவிடச் சிறியதாகியிருந்தது. விசை வசதியின் தலைமாட்டில் மட்டும் ஒரு புதிய வரி. விளக்கக் குறிப்பே கூடாது என்ற மனிதர் தன் கையால் எழுதிய குறிப்பு அது: "நீக்க வேண்டாம். தக்கலையில் ஒருவருக்கு வேண்டும்."

அக்காவுக்குப் படித்துச் சொன்னேன். அவள் இடது கை அடிப்பதை நிறுத்தவே இல்லை.

"தக்கலையா? நான் இரணியல்காரியாக்கும்," என்றாள். "அத ஆரு அவன்கிட்ட சொல்லுகது?"