டிவிடியில் வந்த வெடி

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் எனக்கு வேலை. காலண்டர் ஷீட் மிஷினிலிருந்து வந்ததும் லென்ஸை வைத்துப் பார்ப்பேன். சிவப்பு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் ஒரு வெளிநாட்டு ராக் கச்சேரியை வருஷக்கணக்காக விசிடியில் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் அதைக் காதல் என்றுதான் சொல்லவேண்டும். பாடகன் முகம் கட்டம் கட்டமாக உடையும். டிரம்ஸ் தகர டப்பாவைத் தட்டுவதுபோலக் கேட்கும். கிட்டார்காரன் துள்ளினால் கால் ஒரு இடத்தில் நிற்கும், ஆள் ஒரு இடத்தில் நிற்பான்.

கல்யாணமான மறுவருஷம் அதே கச்சேரி டிவிடியில் கிடைத்தது. கையோடு ஒரு ஹோம் தியேட்டரும் வாங்கிவிட்டேன். ஐந்து சின்ன ஸ்பீக்கர், அடிச்சத்தத்தை அதிரவைக்க முக்காலி உயரத்துக்கு ஒரு ஊஃபர். வீட்டுக்காரி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுக்கும் ஒரு ரேஷன் கார்டு எடுத்துருங்க" என்றாள்.

அவள் அப்பா, என் மாமா, எம்.புதுப்பட்டி என்ற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படி ஒருவராவது உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. ஊஃபர் வாங்கிய சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது.

என் லீவு நாளில், பகல் பதினோரு மணிக்கு, சத்தத்தை முழுசாக வைத்துப் போட்டேன். அப்படி ஒரு துல்லியம். கிட்டார் கம்பியில் விளக்கு மின்னுவது தெரிந்தது. பாடகன் மூச்சை இழுப்பது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. முதல் பாட்டு உச்சத்துக்குப் போனபோது மேடையின் இரண்டு பக்கமும் வெடி வைத்தார்கள். விசிடியில் அது 'டொப்' என்று முடிந்துவிடும். இப்போது தரை அதிர்ந்தது. அலமாரியிலிருந்து டம்ளர் உருண்டு விழுந்தது.

திரும்பிப் பார்த்தால் அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, வீட்டுக்காரியைக் காணோம். வெளியே ஓடினேன். தெருப் பெண்கள் எல்லோரும் முக்கில் கூடி, எங்காவது புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் செருப்பில்லாமல் பஸ் ரோடுவரை போயிருந்தாள். வீட்டில் பாட்டு ஓடியதுகூட அவள் காதில் ஏறவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் கால்தான் முதலில் ஓடும், யோசனை பிறகுதான் வரும்.

"டி.வி.தான். நான்தான் போட்டேன்" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காதான், "ஏந்தம்பி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடக் கூடாதா? ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு" என்றார்.

அதன்பிறகு டிவிடி போடுவதென்றால், கல்யாணத்துக்கு அழைக்கிறவன் மாதிரி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். அப்படியும் வெடி வரும் இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். வீட்டுக்காரி அந்தப் பக்கமே வரமாட்டாள். அவளோடு கேட்க ஆசைப்பட்டு வாங்கியதைத் தனியாகக் கேட்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். தரை அதிர்ந்தது. வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்கதான போட்டீக?"

அவள் முகத்தில் அவ்வளவு ஆசை. ஆமாம் என்று சொல்லிவிடத் துடித்தேன். டி.வி. அணைந்து கிடந்தது.

"நான் போடல" என்றேன்.

அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு மாமாவின் கம்பெனிக்குப் போனேன். வழி முழுக்க என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கம்பெனி வாசலில் மாமா, கையெல்லாம் அலுமினியப் பொடியோடு நின்றுகொண்டிருந்தார். வெடித்தது வேறொரு கம்பெனியின் ஷெட். சாப்பாட்டு நேரம் என்பதால் உள்ளே ஆள் இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்லத்தா. இந்த வெயில்ல எதுக்கு வந்தீக?" என்றார்.

என் அடுத்த லீவு நாளில் வீட்டுக்காரி அவளாகவே தெருவுக்குள் போய் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கச்சேரியப் போடுங்க. சத்தத்தக் குறைக்கக் கூடாது."

"வெடி வருமே" என்றேன்.

"அதுக்குத்தான். யாருக்கும் ஒண்ணும் ஆகாத வெடிய ஒரு தடவையாவது கேக்கணும்."