போத்தலில் அடைத்த துவர்ப்பு

டக்... டக்... டக். வெறும் உரலில் உலக்கை விழும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளின் வேன் கேட்டுக்குள் திரும்பியதும் இடிக்க வேண்டும். உள்ளே சரக்கு இருந்தால் சத்தம் அமுங்கிவிடும் என்று வெறும் உரலையே இடிக்கச் சொல்வார் முதலாளி.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வழியில் ஒரு ஸ்பைஸ் கார்டன். படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு, வெள்ளைக்காரர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை எனக்கு. காட்டுவது செடி, விற்பது போத்தல், அவ்வளவுதான் தொழில். உடம்பு குறைய எதையாவது வாங்கிக் குடித்து ஏமாந்த வாசகர்களே, உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: லேபிள் எழுதியவள் நான்.

பெரிய பெயர்

ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா பச்சைக் கொக்கோ விதையைக் கடித்து, முகம் சுளித்து, சந்தோஷப்பட்டார். அந்தத் துவர்ப்புக்குப் பெயர் பொலிபீனோல் என்றார். கறுவாப் பட்டையில், கராம்பில், தேயிலையில் எல்லாம் இருக்கிறதாம். நாள்தோறும் சாப்பாட்டோடு சேர்ந்தால் குடலுக்கு நல்லது, நோயை எதிர்க்கும் சக்திக்கும் கொஞ்சம் துணை. எடை குறையுமா என்று கேட்டேன். "குறைந்தாலும் மிகக் கொஞ்சம்" என்றார்.

முதலாளியிடம் முழுவதையும் சொன்னேன். அவர் காதில் 'எடை' மட்டும் விழுந்தது. கொக்கோத் தோல், கறுவா, கராம்பு எல்லாம் கொதித்தன. வாயில் வைக்க முடியாத துவர்ப்பு. பாதிக்குப் பாதி, சீனிப்பாகு போன்ற கித்துள் பாணியை ஊற்றினார். மெலிவதற்கு இனிப்பா என்றேன்.

"கசந்தா யாரு டீச்சர் வாங்குவாங்க? நீங்க அந்தப் பேரை மட்டும் பெருசா எழுதுங்க."

மாரியாயியின் இரகசியம்

உரல் இடிப்பவள் மாரியாயி. ஐம்பது வயதிலும் கறுவாக் குச்சி போல இருப்பாள். ஒரு நாளைக்கு ஆறு தரம் பாலும் சீனியும் போடாத தேயிலைச் சாயத்தண்ணி; மத்தியானம் ரொட்டியும் கீரையும். எந்தப் போத்தல் குடித்து இப்படி இருக்கிறாள் என்று ஒரு பருத்த சீமாட்டி கேட்டார். எல்லாம் இந்தத் தோட்டத்தின் புண்ணியம் என்று நான் மொழிபெயர்த்தேன். மாரியாயி உண்மையில் சொன்னது இது:

"இதுல ஒன்னையும் நான் குடிச்சதில்லைங்க. அதான் நல்லா இருக்கேன்."

சோதனைச் சாவடி

சீகிரியா ஹோட்டல் ஒன்றுக்கு இரண்டு போத்தல் கொண்டுபோனேன். சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். கையில் கறுப்புத் திரவம், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். சந்தேகம் வராமல் இருக்குமா? குடித்துக் காட்டச் சொன்னார்கள், குடித்தேன். உடம்பு மெலிய மருந்து என்று சிங்களத்தில் விளக்கினேன். சட்டைக்குள் எலும்பு மட்டுமே இருந்த சிப்பாய் போத்தலைத் திருப்பித் தந்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டான்:

"உடம்பு வைக்கிறதுக்கு ஒன்னும் இல்லையா, அம்மே?"

முதலாளி மெலிந்த கதை

அவருடைய வயிறு எங்கள் மருந்துக்கு எதிரான சாட்சி. அதனால் வேன் வந்தால் பின்னறைக்குள் போய்விடுவார். கொழும்பில் குண்டு வெடித்தது. வேன்கள் வருவது நின்றது. போத்தல்கள் தேங்கின. வீணாக்குவானேன் என்று காலையும் மாலையும் ஒரு கிளாஸ் அவரே குடிக்கத் தொடங்கினார். சீனி வியாதிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசைகளை நிறுத்திவிட்டார்.

நாலு மாதத்தில் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னறையை விட்டு வந்து, தான் பருத்திருந்த பழைய படமொன்றைப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, வராத வேன்களுக்காகக் கேட்டடியில் உட்கார்ந்தார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். இடது கால் விரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது.

"முதலாளி, இது மருந்தால் வந்த மெலிவு இல்லை, சீனி ஏறி வந்தது. பாதிப் போத்தல் பாணிதானே? இன்றைக்கே கிளினிக்குக்குப் போங்க" என்றேன். அவர் போத்தலைத் திருப்பி, 'நோய் அண்டாது' என்ற வரியில் விரலை வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே, டீச்சர்?"

நான் எழுதியதை முழுதாக நம்பிய ஒரே வாடிக்கையாளர் எங்கள் முதலாளிதான். அடுத்த தைப்பொங்கலுக்கு முன் அவருடைய இடது காலை முழங்காலோடு எடுத்தார்கள்.