அழைக்கப்படாத ஐந்தாவது ஆள்

என் தம்பியின் மனைவிக்கு எங்கள் அலுவலகத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கல்முனையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து மென்பொருள் எழுதினோம். நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் ஐந்து வருடமாக நான் போய்வந்தேன். அவள் மருதமுனையிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். எங்கள் வழக்கப்படி கல்யாணத்தோடு தம்பி அவள் வீட்டுக்குக் குடிபோனதில் எனக்கு ஏற்கனவே ஒரு சின்னக் குறை இருந்தது. அவள் வந்து நாலு மாதத்தில், என்னிடம் கேட்கும் கேள்விகளை எங்கள் முதலாளி சேர் அவளிடம் கேட்கத் தொடங்கினார். குறை பெருத்துவிட்டது.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பகல் சோற்றைத் திறந்ததும், "மதினி, இந்த மீனையும் எடுங்க" என்று என் பக்கம் தள்ளுவாள். தின்றபடியே அவளுடைய திரையைப் பார்ப்பேன். நான் முப்பது வரியில் எழுதுவதைப் பத்து வரியில் முடித்திருப்பாள். அதன் பிறகு மீனில் ருசி இருக்காது.

ஒரு தனியார் கிளினிக்குக்கு நான் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். மாலையில் அது நோயாளிகளின் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்க்கும். வரமாட்டேன் என்று சொன்னவர்களை நீக்கிவிட்டு, மற்றவர்களுக்கு இலக்கம் கொடுக்கும். முதல் முறையாகச் சிலர் வரமாட்டேன் என்று சொன்ன நாளில் அது பாதியில் நின்றது. 'இன்டெக்ஸ் அவுட் ஒஃப் ரேஞ்ச்' என்று பிழை காட்டியது. பட்டியலில் இல்லாத ஓர் இடத்தை நிரல் கேட்கிறது என்று அர்த்தம். தொடக்கத்தில் பத்துப் பேர் என்று எண்ணி வைத்துக்கொண்டு புறப்படுகிறது. வழியில் இரண்டு பேரை நீக்கியதும் எட்டுப் பேர்தான் மிச்சம். அது தெரியாமல் ஒன்பதாவது இடத்தைத் தேடிப் போய் விழுகிறது.

"ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க" என்றார் சேர்.

அவள் வரிகளைப் பார்த்தாள். "மதினி, இதில வேற ஒரு பிழையும் இரிக்கி போல. தொழுதுட்டு வந்து பாப்பமா?"

என் பிழையைத் திருத்தி அவள் பேர் வாங்கப் போகிறாள் என்று மட்டும்தான் எனக்குக் கேட்டது. அவள் பகல் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் ஒரு வரி சேர்த்தேன். பட்டியல் முடிந்துவிட்டால் நின்றுவிடு, அவ்வளவுதான். பிழைச் செய்தி மறைந்தது. உடனே கிளினிக்குக்கு அனுப்பினேன். சேர் பாராட்டினார். அவள் என் திரையை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

மூன்று நாள் கழித்து கிளினிக் தாதி சேரிடம் தொலைபேசியில் பேசினார். கல்முனைக்குடியிலிருந்து ஒரு தாய், காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்நேரம் அஸர் தொழுகையிலிருந்து பொழுதுபட்டு மஃரிப் வரைக்கும் காத்திருந்திருக்கிறார். பெயர் பதிந்திருந்தும் இலக்கம் வரவே இல்லை. டொக்டர் எழும்பிப் போகும் நேரத்தில்தான் தாதி கவனித்திருக்கிறார்.

"அந்தத் தாதிதான் பிழையாப் பதிஞ்சிருப்பாங்க சேர்" என்றேன், யோசிக்காமலே.

அவள் தன் கதிரையை என் பக்கம் இழுத்து, ஒரு தாளில் பத்துப் புள்ளி வைத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கதைத்தாள்.

"நாலாவது ஆளை எடுத்தா, அஞ்சாவது ஆள் அந்த இடத்துக்கு வந்திருவார். நீங்க அடுத்ததா அஞ்சாவது இடத்துக்குப் போறீங்க. அப்ப அவரை ஆரு பாக்கிற?"

ஒருவரும் பார்க்கவில்லை. நீக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் பின்னால் நின்றவர் விடுபட்டிருக்கிறார். அந்தப் பிழைச் செய்தி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

"அண்டைக்கே தெரியுமா உனக்கு?"

"ஓம். சொல்லத்தான் வந்தன். நீங்க அனுப்பிட்டீங்க, சேரும் பாராட்டிட்டார்." பிறகு தாளை மடித்து என் கையில் வைத்தாள். "சேருக்குச் சொல்லல்ல மதினி. நீங்களே திருத்தி அனுப்புங்க."

பட்டியலைக் கடைசியிலிருந்து முதலுக்குப் பார்க்கும்படி மாற்றினேன். அப்படிப் போனால், ஒருவரை நீக்கும்போது இடம் மாறுகிறவர்கள் ஏற்கனவே பார்த்து முடித்தவர்கள்தான். நீக்கி முடிந்த பிறகே மேலிருந்து இலக்கம் கொடுக்க வைத்தேன். அடுத்தடுத்து இருவரை நீக்கிப் பார்த்தேன், முதல் ஆளை, கடைசி ஆளை, பிறகு யாருமே இல்லாத பட்டியலை. எல்லாம் சரியாக வந்தது.

அதன் பிறகு சேரிடம் போய், தவறு என்னுடையது, தாதியுடையதல்ல, கண்டுபிடித்தது அவள் என்று சொன்னேன். நேர்மையால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் என் இரகசியம் ஒன்றை அவள் காப்பாற்றிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. தாதியிடமும் மன்னிப்புக் கேட்டேன். "புள்ள இப்ப சுகம்" என்று சொல்லி அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் சேர் அவளை எங்கள் குழுவுக்குப் பொறுப்பாக்கினார். தம்பியையும் அவளையும் உம்மா வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்து, இனிப்புக்கு வட்டிலப்பம் செய்தார். முட்டைகளை நான்தான் அடித்துக் கொடுத்தேன், தேவைக்கு மேலே பலமாக.